மூன்றாம் பாகம் ஏன் சறுக்குகிறது?

கேள்வி: அறிவியல் புனைகதைப் படங்களில் முதல் இரண்டு பாகங்கள் அசத்துகின்றன. அதன்பின் ஏன் சொதப்பல்?

பதில்: முடிந்த கதையை மறுபடி திறப்பதுதான் முதல் கோளாறு. 'டெர்மினேட்டர்' (1984), எதிர்காலத்திலிருந்து வந்த கொலை இயந்திரம் ஒரு பெண்ணைத் துரத்தும் ஒரே துரத்தல். 1991-ல் வந்த இரண்டாம் பாகம், துரத்திய இயந்திரத்தின் அதே அச்சில் வார்த்த இன்னொன்றைக் காவலனாக்கி, இயந்திரங்களால் வரவிருந்த பேரழிவைத் தடுத்த நம்பிக்கையோடு கதவைச் சாத்திவிட்டது. 2003-ல் மூன்றாவது வேண்டுமென்றால் வேறு வழியில்லை: 'தடுக்கவில்லை, தள்ளிப்போட்டீர்கள்' என்றார்கள். 2019-ன் 'டார்க் ஃபேட்', இரண்டாம் பாகத்தில் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய சிறுவன் ஜான் கானரைத் தொடக்கத்திலேயே கொன்றது. 'ஏலியன் 3' (1992) செய்ததும் இதேதான். முந்தைய பாகத்தில் நாயகி ரிப்ளி மீட்ட சிறுமி ஆரம்பத்திலேயே பிணம். பழைய படத்துக்காக நாம் பதைபதைத்தது வீண் என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

காலப்பயணக் கதைகளில் இன்னொரு சிக்கல். எதையும் திரும்பிப்போய் மாற்றலாம் என்றானபின் எந்தச் சாவும் உறைக்காது. கிராபிக்ஸும் ஒரு காரணம். 1991 'டெர்மினேட்டர்' படத்தில் வில்லனாக வரும் திரவ உலோக மனிதனுக்குக் கணினி வரைகலை சில நிமிடங்களே. மீதியில் பெரும்பாலும் பொம்மைகள், ஒப்பனை, நிஜ சண்டைக்காட்சிகள். அளவாக வந்ததால் பிரமித்தோம். (பட்ஜெட் கூடக்கூட வியப்பு குறைவது விசித்திரம்தான்.)

கேள்வி: 'டெர்மினேட்டர்' வரிசையை எப்படிப் பார்ப்பது?

பதில்: 1, 2. ஆசை அடங்காவிட்டால் நேராக 'டார்க் ஃபேட்'. இடையிலுள்ள மூன்று படங்களை அதுவே கணக்கில் எடுக்கவில்லை.