குளிசை மட்டையில இருக்கிற சின்ன எழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாட சீனி வருத்தக் குளிசையில மெட்ஃபோர்மின் ஹைட்ரோகுளோரைட் எண்டு கிடக்கு. அது அசிட் தானே எண்டு யாரோ சொல்லிட்டினம், இப்ப குளிசை போடவே பயப்பிடுறா. (ஒரு மகள், சாம்பல்தீவு)

பதில்: பிள்ளை, முதல்ல அம்மா குளிசைய நிப்பாட்ட விடாதேங்கோ. அதுக்குள்ள அசிட் அசிட்டா இல்லை. மெட்ஃபோர்மின் காரத்தன்மையான பொருள், அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோட சேர்த்தா ரெண்டும் சேர்ந்து ஒரு உப்பா மாறிடும், அப்பிடி உப்பாக்கினாத்தான் தண்ணியில நல்லாக் கரையும், குளிசையா அடிக்கவும் சுகம். சீனியக் குறைக்கிறது முதல் பேர், மெட்ஃபோர்மின். பின்னுக்கு நிக்கிற பேர் அதோட சேர்ந்து வாற துணை மட்டும்தான். நோவுக்குப் போடுற டைக்ளோஃபெனாக் மாதிரி அமிலத்தன்மையான மருந்தெண்டா சோடியத்தோட சேர்த்து உப்பாக்குவினம், அதான் டைக்ளோஃபெனாக் சோடியம். மெட்ஃபோர்மின் வயித்தைக் கொஞ்சம் குழப்பும், அதால சாப்பாட்டோட குடுங்கோ.

இதே மாதிரி பிரஷருக்குப் போடுற லொசார்டன் பொட்டாசியத்தைப் பாத்தும் கன பேர் பயப்பிடுறாங்கள். 50 மில்லிகிராம் குளிசையில இருக்கிற பொட்டாசியம் 4.24 மில்லிகிராம்தான், ஒரு வாழைப்பழத்தில அதைவிட எத்தினையோ மடங்கு இருக்கு. ஆனா லொசார்டன் தன்ட வேலையால உடம்பில பொட்டாசியத்தைத் தேங்க வைக்கும், அதால கிட்னி வருத்தம் இருக்கிற ஆக்கள் கிளினிக்கில சொல்லுற நேரம் இரத்தம் சோதிக்கத்தான் வேணும்.

கேள்வி: கனடாவில இருந்து சித்தப்பா கொண்டுவந்த காய்ச்சல் குளிசையில அசெட்டமினோஃபென் எண்டு இருக்கு. பனடோலுக்குக் கேக்காத காய்ச்சலுக்கு அதையும் சேர்த்துப் போடலாமா? (உவர்மலை வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி, சேர்த்துப் போடவே வேண்டாம். அசெட்டமினோஃபெனும் பரசிட்டமோலும் ஒரே மருந்து, ஒரே மூலக்கூறு. அமெரிக்கா, கனடாவில அந்தப் பேர், எங்கட நாட்டில இந்தப் பேர், பனடோல் எண்டது கம்பனி வைச்ச பேர். ரெண்டையும் போட்டா ரெண்டு மருந்து போட்ட மாதிரி இல்லை, ஒரே மருந்தை ரெட்டிப்பாப் போட்ட கணக்கு. தடிமன் குளிசையள் கனத்திலயும் பரசிட்டமோல் கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கோ.

வளந்த ஆளுக்கு 24 மணித்தியாலத்துக்கு ஆகக்கூடியது 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8. மெலிஞ்ச ஆக்கள், ஈரல் வருத்தக்காரர், குடிக்கிற ஆக்களுக்கு அதிலும் குறைவு. ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டா, பரசிட்டமோல்ல ஒரு சின்னப் பங்கை ஈரல் நச்சுப் பொருளாத்தான் மாத்துது, அந்த நச்சை முறிக்க ஈரலிட்ட குளுட்டாதயோன் எண்டு ஒண்டு இருக்கு, அளவு கூடினா அது முடிஞ்சுபோகும், பிறகு நச்சு ஈரலையே தாக்கும். முதல் நாள் ஆளுக்கு ஒண்டும் தெரியாது, ஒரு சத்தியோட நிண்டிடும், எல்லாரும் சுகமெண்டு நினைச்சு இருந்திடுவினம். முறிமருந்து இருக்கு, அசெட்டைல்சிஸ்டீன், ஆனா 8 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாத்தான் நல்லாக் கேக்கும். கூடப் போட்டது தெரிஞ்சா காத்திருக்காம உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

இன்னொண்டு, காய்ச்சல் பனடோலுக்குக் கேக்கேல்லை எண்டா இங்க முதல்ல நினைக்க வேண்டியது டெங்குவ. 2017ல கிண்ணியா பட்ட பாடு எங்கள் ஒருத்தருக்கும் மறக்காது. டெங்குவில இரத்தத்தை உறைய வைக்கிற குருதிச் சிறுதட்டு குறையும், அந்த நேரம் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் அசிட், அஸ்பிரின் இதுகளப் போட்டா மிச்சமிருக்கிற சிறுதட்டின்ட வேலையும் கெடும், வயித்துக்குள்ள இரத்தம் கசியும். காய்ச்சல் கெதியா இறங்குது எண்டு பிள்ளையளுக்குப் பின்பக்கத்தால வைக்கிற மருந்திலயும் டைக்ளோஃபெனாக் இருக்கிறது உண்டு. வோல்டரன் எண்டு எழுதியிருந்தாலும் வேற என்ன கம்பனிப் பேர் இருந்தாலும் கீழ சின்ன எழுத்தில டைக்ளோஃபெனாக் எண்டு கிடந்தா காய்ச்சலுக்குத் தொடாதேங்கோ. பாமசியில வாங்கும்போதே அந்தச் சின்ன எழுத்தை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. பேராசிரியர் சேனக பிபிலே 1971ல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் துவங்கி, மருந்தைக் கம்பனிப் பேரில இல்லாம இரசாயனப் பேரில எழுதவும் வாங்கவும் வேணும் எண்டு பாடுபட்டது முக்கியமா விலைய நினைச்சுத்தான், ஆனா அந்தப் பேர் உயிரையும் காப்பாத்தும் எண்டுதான் நான் சொல்லுவன்.

கேள்வி: வாப்பாட கிரியாட்டினின் ஒரு லேப்பில 1.2, மற்ற லேப்பில 106. கிட்னி போயிட்டுதா? (கிண்ணியா வாசகி)

பதில்: இல்லை தங்கச்சி, ரெண்டும் ஒண்டுதான். முதலாவது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், அது நிறை. மற்றது லீற்றருக்கு மைக்ரோமோல், அது மூலக்கூறுகளின்ட எண்ணிக்கை. 1.2ஐ 88.4ஆல பெருக்கிப் பாருங்கோ, 106 வரும். இரத்தச் சீனிக்கு மில்லிகிராம் கணக்கை 18ஆல பிரிக்கவேணும், அதாலதான் 126 எண்டதும் 7 எண்டதும் ஒரே அளவு. இலக்கத்துக்குப் பக்கத்தில இருக்கிற அலகைப் பாக்காம ரிப்போர்ட்டை ஒப்பிடாதேங்கோ. கிரியாட்டினின் தசையில இருந்து வாற கழிவு, அதால வயசும் உடம்புவாகும் பாத்துத்தான் டொக்டர் முடிவு சொல்லுவார், ரிப்போர்ட் ரெண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

கேள்வி: குளிசையில டைட்டேனியம் டயொக்சைட் எண்டு போட்டிருக்கு, அது புல்மோட்டை மண்ணில இருக்கிறது தானே? (உயர்தர மாணவன், குச்சவெளி)

பதில்: சரியாப் பிடிச்சிருக்கிறாய் தம்பி. புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மண்ணில இருக்கிற இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதே மண்ணில இருக்கிற றூட்டைல் டைட்டேனியம் டயொக்சைட்டேதான். சுத்திகரிச்சா பால் வெள்ளைத் தூள் வரும், பெரும்பங்கு பெயின்ட்டுக்குத்தான் போகுது, கொஞ்சம் குளிசையின்ட மேல்பூச்சுக்கு. அது மருந்து இல்லை, வெள்ளை நிறத்துக்கும் வெளிச்சம் உள்ள போகாம மறைக்கவும் போடுறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ல இதைச் சாப்பாட்டுச் சாமானில போடுறதைத் தடை செய்தது, ஆனா மருந்தில தடை செய்யேல்லை. அதால இந்தப் பேரைக் கண்டிட்டு வீட்டில ஒருத்தரும் மருந்தை விட வேண்டாம்.