சுவிஸ் முகாமிலிருந்து வரும் பிள்ளையின் சனியும் ஞாயிறும்: கேள்வி பதில்

நீண்ட காலம் பேர்னில் வாழ்ந்து கோண்டாவிலுக்குத் திரும்பியவள் நான். சுவிஸ் குடியுரிமை பெற்ற ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயமான 18 வாரப் படைப் பயிற்சியை என் மகன்மார் இருவரும் முடித்தார்கள். பயிற்சி முகாமிலிருந்து சனி ஞாயிறு வீட்டுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி ஊர் உறவுகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மானிப்பாய்: பேரன் வீட்டுக்கு வந்தாலும் எங்களோடு கதைப்பதில்லை. கோபமா?

கோபமில்லை அம்மா, நித்திரை. வெள்ளி இரவோ சனி காலையோ வந்து விழுகிற பிள்ளை மதியம் வரை எழும்பமாட்டான். அங்கே மதியம் 12 என்றால் இங்கே கோடையில் 3.30, குளிர்காலத்தில் 4.30. சனிக்கிழமை, நம் நேரம் 5 மணிக்குப் பின் அழையுங்கள். ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். அது அவன் பை கட்டும் நேரம், மனமும் கனத்திருக்கும்.

சாவகச்சேரி: மகள் சனிக்கிழமை முழுவதும் உடுப்புத் தோய்க்கிறாள். ஞாயிறு தோய்த்தால் என்ன?

அங்கே மாடிக் குடியிருப்புகளில் தோய்க்கும் இயந்திரம் பெரும்பாலும் நிலக்கீழ் அறையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், முறை வைத்துத்தான் பாவிக்கலாம். பல கட்டடங்களில் ஞாயிறு தோய்க்கத் தடை. அதனால் சனிக்கிழமை முறையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கடைகளும் ரயில் நிலையங்களைத் தவிர ஞாயிறு பூட்டு. சப்பாத்து மினுக்கும் மை, கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், காலுறை எல்லாம் சனியே வாங்கிவிட வேண்டும். நனைந்த சப்பாத்தை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். பழைய பத்திரிகையைத் திணித்து ஓரமாக வையுங்கள். என் மூத்தவனின் சப்பாத்தை நானே துடைத்துக் கொடுத்தேன், அது பிழை. இளையவனிடம் தூரிகையைக் கொடுத்துவிட்டேன். சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டுதான் முகாமில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுவான்.

நெல்லியடி: இங்கிருந்து பலகாரம் அனுப்பலாமா?

பயற்றம் உருண்டையும் பருத்தித்துறை வடையும் பழுதாகாது. மகளின் வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து முகாமுக்கு 5 கிலோ வரையான பொதியைப் படைத் தபால் கட்டணமின்றிச் சேர்க்கும்.

உடுவில்: ஞாயிறு இரவு 9 மணிக்கு அழைத்தால் பிடிக்கலாமா?

ஞாயிறு வேண்டாம் என்று மேலே சொன்னேன்.

கொக்குவில்: துவக்கோடு வருவானா? ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா?

தயவுசெய்து கேட்காதீர்கள்.

பருத்தித்துறை: நாங்கள் பட்டதெல்லாம் போதாதா? நம் பிள்ளை ஏன் சீருடை போட வேண்டும்? மறுத்திருக்கலாமே?

மறுக்க வழி உண்டு. மனச்சாட்சிக்கு ஒவ்வாதவர்கள் முதியோர் இல்லங்களிலோ பண்ணைகளிலோ குடிசார் சேவை செய்யலாம். ஆனால் நாட்கள் ஒன்றரை மடங்கு. முடிவு பிள்ளையுடையது.

சுன்னாகம்: பருத்தித்துறைக்காரருக்கு நான் சொல்கிறேன். தஞ்சம் தந்த நாடு கேட்கிறது, பிள்ளை கொடுக்கிறான். இதில் என்ன வெட்கம்?

பருத்தித்துறை: வெட்கம் என்று நான் சொல்லவில்லை. பயம் என்கிறேன்.

இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. மூத்தவன் முதல் வாரம் அனுப்பிய படத்தை என் அம்மாவிடம் காட்டினேன். பேரனின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பச்சை உடுப்பைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். சோதனைச்சாவடிகளில் நின்ற கால்களுக்கு அது எந்த நாட்டு உடுப்பு என்று தெரியாது. சுன்னாகம் தம்பி, நன்றிக்கடன் என்ற நியாயம் அந்தப் பயத்தை ஆற்றாது. அதற்காகப் பிள்ளையையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமை, சாரம் கட்டி, புட்டும் சொதியும் தின்றுகொண்டிருந்தவனை வீடியோவில் காட்டினேன். "மெலிந்துவிட்டான்" என்றார். பிறகு ஒவ்வொரு சனியும் அவரே கேட்டார்.

அரியாலை: விடுமுறையில் வரும்போது சீருடையைக் கொண்டுவரட்டுமா? ஊரார் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

வேண்டாம். அனுமதியின்றி வெளிநாட்டில் அதை அணிய அவனுக்கு உரிமையில்லை. மேலே என் அம்மாவைப் பற்றி எழுதியதையும் ஒருமுறை வாசியுங்கள்.

வட்டுக்கோட்டை: பெறாமகனோடு கதைக்க எந்த நேரம் நல்லது?

சனிக்கிழமை, இங்கே மாலை 5 மணிக்குப் பின். எழும்பிவிட்டானா என்று முதலில் தாயிடம் கேளுங்கள்.