வீட்டுக் கணினி: கடைக்காரரின் ‘ஐ7 செட்’டா, நாமே பொருத்துவதா?

கேள்வி: என் மகள் படிவம் 4-இல் கணினி அறிவியல் பாடம் எடுத்திருக்கிறாள். நிரல் எழுதவும், பள்ளி வேலைக்காகச் சிறு காணொளிகளைத் தொகுக்கவும் ஒரு மேசைக் கணினி வேண்டும். கையில் 3,000 ரிங்கிட் இருக்கிறது. ஒரு கடையில் ‘ஐ7, 16 ஜி.பி. ரேம், 1 டி.பி., வண்ண விளக்குப் பெட்டி, 500 வாட், விண்டோஸ் இலவசம்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்து 1,900 ரிங்கிட் கேட்கிறார்கள். மகளோ பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தானே பொருத்துவதாகச் சொல்கிறாள். எது நல்லது? வீட்டில் இருக்கும் 32 அங்குலத் தொலைக்காட்சியைத் திரையாக வைத்துக்கொள்ள முடியுமா? – ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் மகள் சொல்வதே சரி. ஆனால் பாகங்களாக வாங்கினால் மலிவாக முடியும் என்று எண்ணி அந்த வழிக்குப் போக வேண்டாம்; பெரும்பாலும் மலிவாக முடியாது. என்ன வாங்குகிறோம் என்பது ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்தில் கிடைக்கும் என்பதுதான் அந்த வழியின் பலன். கடைக்காரர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த வரியில் விலையைத் தீர்மானிக்கிற எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் அந்த ‘ஐ7’. இந்தப் பெயரில் இன்டெல் நிறுவனம் 2008-ஆம் ஆண்டு முதல் புராசசர்களை, அதாவது கணினியின் மூளையான சில்லுகளை, விற்று வருகிறது. ஆகவே ஐ7 என்று மட்டும் சொல்வது, வண்டியின் ஆண்டைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி விற்பதைப் போன்றது. அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 4770 என்றால் அது நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. 2022-இல் வந்த ஐ3 12100 அதைவிட வேகமானது. இரண்டிலும் உள்ள கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள், நான்குதான். வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசசர்களை முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய இயந்திரங்களின் உள்பாகங்கள் புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கோடு மறுபடியும் சந்தைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். புராசசரின் முழு எண்ணைக் கேட்டதும் “எல்லாம் ஒன்றுதான், ஐ7 பெரியது” என்று பதில் வந்தால், அந்தக் கடையில் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். ‘பழையது’ என்ற சொல்லைக் கேட்டதுமே மறுத்துவிடுகிற பெற்றோரையும் நிறையப் பார்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகக் கணினிகள், பெட்டியோ உள்பாகமோ மாற்றப்படாமல் அப்படியே விற்கப்பட்டால், அவை மோசமான பொருள் அல்ல. எட்டாம் தலைமுறை ஐ5 8500 போன்ற ஆறு கோர் புராசசரும் 16 ஜி.பி. ரேமும் (தற்காலிக நினைவகம்) கொண்ட ஓர் அலுவலக இயந்திரம், உங்கள் மகள் நிரல் எழுதுவதற்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் 11-ஐயும் ஏற்கும். அதை வாங்குவதற்குமுன் கடையிலேயே இயக்கச் சொல்லி, அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் உரிமம் டிஜிட்டல் உரிமமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புத்தக அலமாரியில் செருகிவிடக்கூடிய ஒல்லியான வடிவத்தைத் தவிர்த்து, டவர் வடிவத்தைக் கேட்க வேண்டும். டவராகவே இருந்தாலும் பல நிறுவனங்கள் தமக்கென்று தனி வடிவில் பவர் சப்ளையும் (பாகங்களுக்கு மின்சாரம் தருவது) மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் செருகப்படும் தாய்ப்பலகை) இணைப்பும் வைத்திருக்கின்றன. அது பழுதானால் சாதாரணக் கடையில் கிடைக்கும் பவர் சப்ளையை அதில் பொருத்த முடியாது. எனவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடினால் போதும் என்ற கணக்கில், அந்தக் கணக்குக்கு ஏற்ற விலையில் மட்டும் வாங்கலாம். உங்களுக்குச் சொன்ன 1,900 ரிங்கிட் அந்தக் கணக்கில் வராது.

இனி உங்கள் தொகைக்கு என்ன வாங்கலாம் என்று பார்ப்போம். 2025-இன் இறுதியிலிருந்து ரேமின் விலை கடுமையாக ஏறி நிற்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போகின்றன. இந்த நிலையில் புதிய டி.டி.ஆர்.5 ரேம் தேவைப்படும் ஏ.எம்.5 வகை மதர்போர்டை விட்டுவிட்டு, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி புராசசரையும், அதற்கு ஏற்ற பி550 மதர்போர்டையும், முந்தைய தலைமுறையான டி.டி.ஆர்.4 ரேமையும் வாங்குவதே உங்களுக்கு உகந்தது. இது ஆறு கோர் புராசசர். குளிர்விக்கும் விசிறி பெட்டிக்குள்ளேயே வரும். எண்ணின் கடைசியில் உள்ள ‘ஜி’ முக்கியமானது: திரைக்குப் படம் அனுப்பும் பகுதி புராசசருக்குள்ளேயே இருக்கிறது என்பது அதன் பொருள். ‘ஜி’ இல்லாத 5600-ஐக் கொடுத்து “இதுவும் அதுதான்” என்றால் ஏமாறாதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அது திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாது. இன்டெல் எண்களின் முடிவில் ‘எஃப்’ வந்தாலும் நிலை அதுவே.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்கு வேண்டாம். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய கார்டுகள் அறவே வேண்டாம். 2022 செப்டம்பரில் எதீரியம் மின்நாணயத்தைத் தோண்டும் முறை நின்றபோது, இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்தன. அவை இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ரேமை 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். 5600ஜி தன் படங்களுக்கான நினைவகத்தையும் இந்த ரேமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், இரண்டு குச்சிகளிலிருந்து ஒரே நேரத்தில் படிக்க முடிவது காணொளி வேலையில் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டைத் தரும். கடைகளில் ஒற்றைக் குச்சியைப் போடுவது வழக்கம். “பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்” என்று சமாதானமும் சொல்வார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. சேமிப்புக்கு 500 ஜி.பி. என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போதும். ‘1 டி.பி.’ என்று எழுதியிருந்தால் அது எஸ்.எஸ்.டி.யா, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்று கேட்காமல் விடாதீர்கள்.

இப்போது பவர் சப்ளை. இதைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன். பழுது என்று என் மேசைக்கு வரும் வீட்டுக் கணினிகளில் இந்த ஒரு பாகத்தில் காட்டிய சிக்கனம் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கொன்றிருப்பதை அடிக்கடி காண்கிறேன். பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கும் ‘500 வாட்’ பவர் சப்ளையைக் கையில் வாங்கி, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். அதில் ‘+12வி’ என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்; கணினியின் முக்கிய பாகங்களுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். மேலே பெரிதாக அச்சடித்த 500 வெறும் அலங்காரம். உங்கள் கணினி முழு வேகத்தில் ஓடும்போதும் 150 வாட்டைத் தாண்டுவது அரிதாகையால் 216 போதுமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். லேபிளிலேயே பொய் எழுதியவர், உள்ளே பாதுகாப்புச் சுற்றுகளை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று எப்படி நம்புவது? சில மலிவுப் பவர் சப்ளைகளின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றக்கூடிய சிறு சிவப்பு விசை இருக்கும். அது 115-இல் இருக்க நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும். பெயருள்ள நிறுவனத்தின் 450 அல்லது 550 வாட், ‘80 Plus Bronze’ என்ற மின்திறன் சான்று பெற்ற பவர் சப்ளையைத் தனியாக வாங்குங்கள். கோலாலம்பூரின் மாலை இடி மின்னலை மனத்தில் வைத்து, சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையுள்ள, மின்னெழுச்சித் தடுப்போடு கூடிய இணைப்புப் பலகையையும் சேர்த்து வாங்குங்கள். இடி முழங்கும்போது செருகியைப் பிடுங்கிவிடும் பாட்டிமார் பழக்கத்தையும் விட வேண்டாம்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோயாட் பிளாசாவில் பல கடைகளின் விலைகளை ஒரே பிற்பகலில் ஒப்பிட்டுவிடலாம். எந்த வணிக வளாகமாக இருந்தாலும், வாசலிலேயே “என்ன தேடுறீங்க, பாஸ்?” என்று உங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கடைக்கு அழைத்துச் செல்பவரைப் பின்தொடராதீர்கள், அவருடைய கமிஷன் உங்கள் ரசீதில்தான் ஏறும். சொல்லும் விலை ரொக்கத்துக்கா, கார்டுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். புராசசர் ‘பாக்ஸ்’ வகையா, ‘டிரே’ வகையா என்றும் கேளுங்கள். டிரே வகை மொத்தமாகத் தட்டில் வருவது. அதில் விசிறி இருக்காது, உத்தரவாதத்துக்கும் விற்ற கடையைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

உத்தரவாதம் என்று வந்தால் எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது. மதர்போர்டுக்கு ஒரு விநியோகிப்பாளர், ரேமுக்கு இன்னொருவர், எஸ்.எஸ்.டி.க்கு மூன்றாமவர். ஒன்று பழுதானால் கடை விநியோகிப்பாளரைக் கைகாட்டும், விநியோகிப்பாளர் கடை வழியாக அனுப்பச் சொல்வார், வாரங்கள் கடக்கும், மாற்றுப் பாகம் எவரும் தர மாட்டார்கள். இத்தனைக்கும் ஆதாரமான ரசீதை வெப்பத்தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மூன்றாண்டு உத்தரவாதத்துக்கு ஓராண்டில் வெளுத்துப்போகும் ரசீது! கடையைவிட்டு வெளியேறும் முன்பே அதைப் படம் எடுத்துவிடுங்கள். அதில் ‘கணினி செட் – 1’ என்று இருந்தால் ஏற்காமல், ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காலிப் பெட்டிகள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் உறுதிகளை, சுவரில் தொங்கும் ஒரு பலகையால் பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை நீங்களே பதிவு செய்யலாம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அந்தப் பலகைகள் கடைக்குக் கடை தொங்கிக்கொண்டிருப்பதை ஏன் எவரும் கழற்றச் சொல்வதில்லை என்பதை அதிகாரிகள்தாம் விளக்க வேண்டும்.

பொருத்தும் வேலையை மகளிடமே விடுங்கள். ஒரு ஸ்குரூடிரைவரும் ஒரு பிற்பகலும் போதும். கவனம் தேவைப்படும் இடங்கள் சில மட்டுமே. இந்தப் புராசசரின் அடியில் மெல்லிய ஊசிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அதன் ஒரு மூலையில் உள்ள சிறிய தங்க முக்கோணத்தை மதர்போர்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் அது தானாகவே இறங்கும். அழுத்தவே கூடாது, ஊசி வளைந்தால் உத்தரவாதம் போயிற்று. நான்கு ரேம் குழிகள் இருந்தால் புராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மதர்போர்டின் மேல் மூலையில் புராசசருக்கென்று தனியாக ஒரு மின் இணைப்பு உண்டு. விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வரவில்லையே என்று கலங்குபவர்களில் பலர் அதைச் செருக மறந்தவர்கள்.

‘விண்டோஸ் இலவசம்’ என்பது இலவசமல்ல. உரிமத்தை ஏமாற்றும் மென்பொருளை உள்ளே போட்டுத்தான் அப்படித் தருகிறார்கள்; அதனோடு வேறு என்ன வருகிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதே கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து 8 ஜி.பி. யு.எஸ்.பி. குச்சியில் விண்டோஸை இறக்கி நிறுவி, உரிமத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். தொகை இடிக்கிறது என்றால் லினக்ஸ் மின்ட்டை நிறுவுங்கள். அது உண்மையாகவே இலவசம், நிரல் எழுதப் பழகுவதற்கு அதில் எந்தக் குறையும் இல்லை.

தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்துவிடலாம், படம் வரும். ஆனால் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றின் திரை 1366-க்கு 768 புள்ளிகள் மட்டுமே கொண்டது. சாதாரண 24 அங்குல மானிட்டரில் 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்கும். எட்டடி தூரத்திலிருந்து செய்தி பார்ப்பதற்காகச் செய்த திரையில், இரண்டடி தூரத்தில் அமர்ந்து நிரலின் சிற்றெழுத்துகளைப் படித்தால் கண் வலிக்கும். கணினியைப் பொருத்திய முதல் நாள் அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்கத் தொலைக்காட்சியைப் பயன்படுத்துங்கள். 3,000 ரிங்கிட்டில் மானிட்டருக்கான பங்கை மட்டும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, மீதித் தொகையோடு கடைக்குப் போங்கள்.