கேள்வி – பதில்: பீப்பிள்ஸ் பார்க் எங்கே போயிற்று?

கேள்வி: சென்னை சென்ட்ரலை ஒட்டிய பகுதிக்கு பார்க் டவுன் என்று பெயர். அங்கே பெரிய பூங்கா எதையும் காணோமே? – வாசகர், பெரம்பூர்

பதில்: இருந்தது. 116 ஏக்கர். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் ஏற்படுத்திய பீப்பிள்ஸ் பார்க் அது. 1863-ல் அருங்காட்சியக வளாகத்திலிருந்த விலங்குகளும் இங்கே வந்தன. சென்னைவாசிகளுக்கு அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்'. ஆண்டு முடிவில் நடக்கும் பார்க் கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே பிடித்த தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

பூங்கா ஒரே நாளில் அழியவில்லை. விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு 57 கிரவுண்டு போனது. கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி என்றால் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். பிறகு மூர் மார்க்கெட், 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். ஆனால் எடுத்த இடத்துக்கு ஈடாக வேறெங்கும் மரம் வைத்துத் தரவில்லை, இழப்பு அங்கேதான். இடநெருக்கடியால் விலங்குகளும் வண்டலூருக்குப் போய், 1985-ல் புதிய பூங்கா திறந்தது. அதே ஆண்டு மே 30-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. கடைக்காரர்களுக்கு மாற்றிடமாகக் கிடைத்த அல்லிக்குளம் வளாகம், பூங்காவின் குளம் ஒன்று இருந்த இடம்.

கேள்வி: பழைய எல்லையை இன்று கண்டுபிடிக்க வழி உண்டா? – அதே வாசகர்

பதில்: 1900-க்கு முந்தைய சென்னை வரைபடம் ஒன்றை எடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்துங்கள். முதல் புள்ளியாக சென்ட்ரல் நிலையத்தின் பழைய கட்டடத்தை வையுங்கள். 1873-லிருந்து அது இடம் மாறவில்லை. இன்னொரு புள்ளி விக்டோரியா ஹால். சாலைப் பெயரை நம்பினால் குழப்பம்தான்: பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலையாகிவிட்டது, சைடன்ஹாம்ஸ் சாலை ராஜா முத்தையா சாலையாகிவிட்டது. மூர் மார்க்கெட்டையும் புள்ளியாகக் கொள்ளாதீர்கள். இப்போது அந்தப் பெயரில் நிற்பது ரயில்வேயின் வேறு கட்டடம்.

நேரில் பார்க்க விரும்பினால் ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம், பெரியமேடு பக்கமுள்ள மை லேடீஸ் பூங்காவுக்குப் போங்கள். பூங்காவாகவே எஞ்சிய துண்டு அதுதான்.