மூன்றே வருடத்தில் சைக்காலஜிஸ்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் படிவம் ஐந்து. உளவியலாளர் ஆக ஆசை, கணக்கு மட்டும் சுமார். டவுனில் கடை விரித்த தனியார் கல்லூரிக்காரர்கள், "மூன்றே வருடம், சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம்" என்றார்களாம். கணவர் செம்பனை வெட்டுகிறார். முன்பணம் கட்டலாமா?

இப்போதைக்குக் கட்ட வேண்டாம், அம்மா. மூன்று வருடத்தில் கிடைப்பது உளவியல் பட்டம். அதை வைத்து மனிதவளப் பிரிவில் வேலை தேடலாம். மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க முடியாது. அதற்கு கிளினிக்கல் சைக்காலஜியில் முதுகலை வேண்டும். யூகேஎம் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் இருக்கிறது. சுமார் இரண்டு வருடம், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியும் சேர்த்து. அப்புறம் 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் (சட்டம் 774) கீழ் பதிவு. படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்விலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருடமாவது ஆகும். மாத்திரை எழுதித் தரும் மனநல மருத்துவர் வேறு. அவர் முதலில் டாக்டருக்குப் படித்தவர்.

அவ்வளவு காலம் தாங்காது என்றால் கவுன்சிலிங் பட்டம் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) படிக்கலாம். முடித்ததும் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி லெம்பாகா கவுன்சலோரில், அதாவது ஆலோசகர் வாரியத்தில், பதிய வேண்டும். இதை மட்டமான வழி என்று நினைக்காதீர்கள். ஆனால் பின்னால் கிளினிக்கல் பக்கம் தாவுவது சிரமம். அங்கே பெரும்பாலும் உளவியல் பட்டம்தான் கேட்பார்கள்.

பணம் இல்லாத வீட்டுக்கு என் யோசனை படிவம் ஆறுதான். ஒன்றரை வருடம், அரசாங்கப் பள்ளி, செலவு சொற்பம். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வு நன்றாக வந்தால் யூபியூ என்ற பொது விண்ணப்ப முறை மூலம் அரசாங்கப் பல்கலைக்கழகம். கலைப்பிரிவு எடுத்தாலும் கதவு மூடாது. கணக்கை மட்டும் கைவிட வேண்டாம். உளவியலில் புள்ளியியல் உண்டு, பலர் தடுக்கி விழுவது அங்கேதான். எஸ்.பி.எம்-இல் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

மகளிடம் தமிழையும் விடாதே என்று சொல்லுங்கள். தோட்டத்துப் பாட்டி "வயித்துல என்னமோ உருளுது தாயி" என்றால் அது பயமா, துக்கமா, வெறும் வாயுவா என்று மலாய்ப் படிவத்தில் கட்டம் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

கல்லூரிக்காரர்கள் மறுபடி வந்தால், அந்தப் படிப்புக்கு எம்கியூஏ (படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அரசு நிறுவனம்) தந்த அங்கீகார எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் எம்கியூஆர் என்ற அதன் பதிவேட்டில் மகளே தட்டிப் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனும் கிடைக்காது.