மெனு கார்டைக் கிழிப்பது பற்றி

அண்ணா, வணக்கம்.

நான் காட்பாடி. போன மாதம் நீங்கள் எழுதிய வேலூர் மெஸ் கட்டுரையைப் படித்துவிட்டு என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "கடை பேரை ஏன் சொல்லல?" நானும் அதையேதான் கேட்கிறேன். இன்னொரு விஷயம். எனக்கு ராத்திரியில் யூட்யூபில், நொடிந்துபோன ஹோட்டல்களைத் தூக்கி நிறுத்தப் போகும் பிரிட்டன் சமையல்காரர் கோர்டன் ராம்சேயின் 'கிச்சன் நைட்மேர்ஸ்' பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து கெட்டுப்போன கறியை எடுத்து முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டும்போது எனக்கு அவ்வளவு திருப்தி! பத்து நாள் முன்பு குடும்பத்தோடு பைபாஸில் ஒரு ஏசி ஹோட்டலுக்குப் போய், ஐந்து பேருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து, ஆறிப்போன நான் ரொட்டியும் ஒரே ருசியில் மூன்று கிரேவியும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நம் ஊருக்கும் ஒரு ராம்சே வேண்டாமா? தமிழில் ஏன் இப்படி யாரும் எடுப்பதில்லை?

ச.,
காட்பாடி

அன்புள்ள ச.,

மூன்று கிரேவியும் ஒரே ருசி என்கிறீர்களே, உங்கள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த மெனு கார்டு எத்தனை பக்கம் என்று பார்த்தீர்களா? நூற்றைம்பது ஐட்டம் போட்டிருக்கிற கடையில் நூற்றைம்பது குழம்பு கொதிக்காது. வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்தது ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை ஒன்று, இன்னும் ஒன்றிரண்டு, காலையிலேயே டப்பாவில் தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் இதில் ஒரு கரண்டி அதில் ஒரு கரண்டி ஊற்றி, பனீரைப் போட்டால் பனீர் பட்டர் மசாலா, கோழியைப் போட்டால் சிக்கன் பட்டர் மசாலா, மேலே க்ரீமில் ஒரு கோடு. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய மெனுவை வேறு எப்படியும் ஓட்ட முடியாது. தப்பு அந்த மெனுவில்தான் இருக்கிறது.

ராம்சேயை நானும் பார்த்திருக்கிறேன், வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்கு. 2004-ல் பிரிட்டனில் சேனல் ஃபோரில் ஆரம்பித்தது, 2007-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் டிவிக்குப் போனது. நீங்கள் பார்ப்பது அமெரிக்கப் பதிப்பாக இருக்கும், இடி மாதிரி ஒரு இசை வருகிறதா? பழைய பிரிட்டன் பாகங்களைத் தேடிப் பாருங்கள், அதில் கத்தல் குறைவு, அடுப்படி அதிகம். சத்தத்தையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த மனிதர் அநேகமாக எல்லாக் கடைக்கும் எழுதிக் கொடுப்பது ஒரே மருந்துச் சீட்டுதான்: மெனுவைக் குறை, பக்கத்தில் விளைவதை வாங்கு, அன்றன்றைக்குச் சமை.

சரி, இதைச் சொல்ல லண்டனிலிருந்து ஆள் வர வேண்டுமா? உங்களுக்கு ரயில் ஏறினால் ஆம்பூர் ஒரு மணி நேரம். அங்கே பழைய பாய் கடைகளில் மெனு கார்டே கிடையாது. தேக்சா திறந்திருந்தால் பிரியாணி உண்டு, கறி தீர்ந்துவிட்டால் குஸ்கா, அதுவும் தீர்ந்தால் கல்லாவில் இருப்பவர் கையை விரித்துவிடுவார். சீரக சம்பா அரிசி, மிளகாய்த்தூளுக்குப் பதில் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், விறகடுப்பு, மூடிமேல் தணல் போட்டு தம். தொட்டுக்கொள்ள வெங்காயமும் புளி போட்ட கத்தரிக்காயும். கத்தரிக்காய் என்றதும் ஞாபகம் வருகிறது, நம் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும், வெந்தால் வெண்ணெய். அதை வாங்கிச் சமைக்கிற ஏசி ஹோட்டல் ஒன்றை வேலூரில் எனக்குக் காட்டுங்கள், நான் பில் கட்டுகிறேன்.

(ஆம்பூர் என்றால் எல்லாம் தேன் என்று நினைத்துவிட வேண்டாம். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அங்கே மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்று ஆகி, அந்த ஊரில் பாதிப் பேர் சாப்பிடுவதை விட்டுவிட்டு என்ன திருவிழா என்று எதிர்ப்பு கிளம்பியது, கடைசியில் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். மெனுவைக் குறைப்பதிலும் இப்படி ஒரு வகை இருக்கிறது.)

ராம்சே போய்வந்த அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலானவை பிறகு மூடப்பட்டுவிட்டன. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கேமரா உள்ளே வருகிற நேரத்தில் அந்த முதலாளி வாடகைக்கும் வட்டிக்கும் கழுத்துவரை மூழ்கியிருப்பார், புது நாற்காலியும் புது பெயின்ட்டும் அதை அடைக்காது. 2013-ல் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேலில் ஒரு தம்பதி நடத்திய கடைக்குப் போய், இது என்னால் ஆகாது என்று அவரே கைகழுவிவிட்டு வந்த பாகம் ரொம்பப் பிரபலம். எல்லோரும் அந்தத் தம்பதி போட்ட சண்டையைப் பேசுகிறார்கள், எனக்கு நினைவில் நிற்பது வேறு. சப்ளையர்களுக்கு வாடிக்கையாளர் வைக்கிற டிப்ஸை முதலாளியே எடுத்துக்கொண்டிருந்தார். அதை ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடிந்ததே, அந்த ஒரு காட்சிக்காக மீதிக் கூச்சலையெல்லாம் மன்னிக்கலாம்.

தமிழில் ஏன் இல்லை? நமக்குச் சமையல் நிகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. 2019-லிருந்து 'குக் வித் கோமாளி' ஓடுகிறது, 2021-ல் விஜய் சேதுபதியை வைத்து 'மாஸ்டர் செஃப்' தமிழுக்கும் வந்தது. எல்லாமே செட்டில் போட்ட அடுப்பு. ஓடுகிற ஹோட்டலின் பின்கட்டுக்குள் கேமராவை விடுவதற்கு எந்த முதலாளி சம்மதிப்பார்? அப்பா ஆரம்பித்த கடை, அண்ணன் தம்பி பங்கு, சமையல் மாஸ்டர் கோபித்துக்கொண்டு போனால் மறுநாள் ஷட்டர். அங்கே போய் ஒருவர் தட்டைத் தூக்கி எறிந்தால் டிஆர்பி ஏறாது, பஞ்சாயத்துதான் கூடும். அப்புறம், கத்துகிறவருக்கு ருசி தெரியும் என்கிற எண்ணமே எனக்குப் பிடிக்கவில்லை. நம் வேலூரில் மிகக் கஷ்டமான வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே சந்துகளில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறார்களே, வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள், அவர்கள்தான். ஆபரேஷன் முடிந்த மனைவிக்குக் காரமில்லாத மீன் குழம்பு வேண்டும், கடுகெண்ணெய் வாசம் இருக்க வேண்டும், இரண்டு மாதம் தங்க வேண்டியிருப்பதால் விலையும் கட்டுப்படியாக வேண்டும். பாபு ராவ் தெருப் பக்கம் நடந்து பாருங்கள், பலகைகளில் வங்காள எழுத்து. ஒருநாள் மதியம் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் தூக்குப் பாத்திரத்தை நீட்டி என்னமோ சொன்னார், கடைக்காரர் மறுபேச்சில்லாமல் குழம்பை வேறு சின்னப் பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து மறுபடி கொதிக்கவைத்துக் கொடுத்தார். இதற்கு எந்த நடுவர் மார்க் போடுவார்?

இனி உங்கள் மனைவியின் கேள்வி. இந்தப் பக்கம் ஒரு பாயா கடை இருந்தது, நானே போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு தம்பி கேமராவோடு வந்து, வாயில் வைப்பதற்கு முன்பே கண்ணை மூடி "வேற லெவல்" என்றார். அடுத்த வாரம் காட்பாடி ரோடு வரைக்கும் பைக். மூன்றே மாதத்தில் அந்தக் கடையில் ஃப்ரைட் ரைஸ் வந்தது, ஆறாவது மாதம் லேமினேட் போட்ட மெனு கார்டு. நான் போவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் அந்த மெஸ்ஸின் பெயரை எழுதவில்லை. எழுதுவது என் கையில் இருக்கிறது, அடுத்து வருகிற கூட்டம் என் கையில் இல்லை.

உங்களுக்கு மட்டும் தனியாக மெயிலில் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். ஒரு மணிக்குமேல் போனால் ரசமும் மோரும்தான் மிச்சம் இருக்கும். கார்டு எடுக்க மாட்டார்கள், சில்லறை கொண்டுபோங்கள். திரும்பும்போது ஆற்காடு வழியாக வந்தால் மக்கன் பேடா வாங்கலாம், ஆளுக்கு ஒன்று போதும், இரண்டாவதைத் தின்றுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.