பனிவண்டிக்கு எந்த ஏர்பேக் பை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் கனடாவில் கால்கரியில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்பவர்களோடு இந்தக் குளிர்காலத்தில் மலையில் ஸ்னோமொபைல் ஓட்டப் போகிறானாம். பனிச்சரிவில் சிக்கினால் முதுகில் பலூன் மாதிரி விரியும் பை ஒன்று இருக்கிறது, அதில் எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறான். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் பட்டாளத்தில் பனியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், அது அவ்வளவு அவசியமா?
– வாசகி ஒருவர், பாலக்கோடு

பதில்: அம்மா, நான் பனியில் நின்ற காலத்தில் எங்களிடம் பலூன் எல்லாம் கிடையாது. இடுப்பில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி வால் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு நடப்போம், ஆள் புதைந்தாலும் கயிற்றின் நுனியாவது வெளியே தெரியும் என்ற நம்பிக்கைதான். அதனால் உங்கள் மகன் கேட்கிற பொருள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. அவசியமா என்றால், மலைச்சரிவில் ஓட்டப் போகிறவனுக்கு அவசியம். ஆனால் அது முதலில் வாங்க வேண்டிய பொருள் இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அது என்ன செய்கிறது என்பதை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். ஒரு பாத்திரத்தில் அரைப்படி கேழ்வரகைப் போட்டு, அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் புதைத்துவிட்டு மேலும் கீழுமாகக் குலுக்குங்கள். கொஞ்ச நேரத்தில் பழம் மேலே வந்து எட்டிப் பார்க்கும். சின்ன மணிகள் இடுக்கு இடுக்காக அடியில் இறங்க, பெரியது மேலே தள்ளப்படுகிறது. ஓடுகிற பனியிலும் இதே கதைதான். 150 முதல் 200 லிட்டர் காற்று முதுகில் விரிந்தால் ஆள் பெரிய உருப்படியாகிவிடுகிறான், பனி அவனை மேலே வைத்துக்கொள்கிறது. வேட்டையாடிய மிருகத்தை முதுகில் சுமந்து போன பவேரிய வனக்காவலர் ஒருவர் சரிவில் சிக்கியும் மேலேயே நின்றதைக் கவனித்ததில்தான் இந்த யோசனை தொடங்கியது என்பார்கள். 1985 வாக்கில் ஏபிஎஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் அதைப் பையாக விற்க ஆரம்பித்தது.

பயன் எவ்வளவு? 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சரிவில் மோசமாகச் சிக்கியவர்களில் பை விரியாதவர்கள் 100-க்கு 22 பேர் இறந்தார்கள், விரிந்தவர்கள் 11 பேர் என்று கணக்குச் சொல்கிறது. பாதிக்குப் பாதி. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார்: பை மாட்டியிருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது விரியவே இல்லை, அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பலூனை விரிக்கிற கைப்பிடியை இழுக்கவே இல்லை. பை கெட்டுப்போகவில்லை, கை போகவில்லை. பனி ஓடத் தொடங்கினால் யோசிக்க நேரம் இருக்காது, வண்டியைத் திருப்பி ஓட்டித் தப்பிவிடலாம் என்றுதான் மனசு சொல்லும், கைப்பிடி ஞாபகத்துக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் எது வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், எதை அடிக்கடி இழுத்துப் பழக முடியுமோ அது. இரண்டு வகை உண்டு. ஒன்று சிலிண்டர் வகை. பிசிஏ நிறுவனத்தின் ஃப்ளோட் பை மாதிரியானவற்றில் அழுத்திய காற்று சிலிண்டரில் இருக்கும், இழுத்தால் தீர்ந்துவிடும், திரும்ப நிரப்ப வேண்டும். விலை குறைவு, பழுதாக அதிகம் இல்லை, ஆனால் நிரப்பும் செலவை நினைத்தே யாரும் பழக மாட்டார்கள். இன்னொன்று மின்விசிறி வகை, விசிறி சுற்றி வெளிக்காற்றை இழுத்துப் பலூனை நிரப்பும். பிளாக் டயமண்ட் நிறுவனம் 2014-ல் ஜெட்ஃபோர்ஸ் என்று கொண்டுவந்தது, அதன்பின் அல்ப்ரைட் என்ற சுவிஸ் அமைப்பு பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற மின்சாரம் சேமிக்கும் உறுப்பை வைத்தது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும், கடுங்குளிரிலும் சோர்ந்துபோகாது. இதை வீட்டுக் கூடத்தில் நின்று இழுத்து, மடித்து, மறுபடி சார்ஜ் போட்டு, மறுபடி இழுக்கலாம், காசு செலவில்லை. விமானத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் சிலிண்டருக்கு முன்கூட்டியே விமான நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், கெப்பாசிட்டருக்கு அந்தத் தலைவலி குறைவு. கையில் காசு இருந்தால் விசிறி வகையைத்தான் வாங்கச் சொல்வேன். நம் பணத்துக்கு லட்சத்தை ஒட்டி வரும், தாண்டினாலும் ஆச்சரியமில்லை. பழையது வாங்கினால் சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

ஸ்னோமொபைல் ஓட்டுகிறவனுக்கு மட்டும் பொருந்தும் சில விஷயங்கள் உண்டு. ஆக்சிலேட்டர் வலது கட்டைவிரலில் இருக்கும், அந்த விரலை எடுத்தால் வண்டி நின்றுவிடும், ஆகவே கைப்பிடி இடது கையால் இழுக்க எட்டுகிறதா என்று கடையிலேயே, தடித்த கையுறை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கையுறை இல்லாமல் பார்ப்பது ஒன்றுக்கும் உதவாது. மார்புக் கவசம் போடுபவன் என்றால் அதன்மேல் மாட்டிப் பார்க்க வேண்டும். பை சின்னதாக, 15-20 லிட்டர் போதும், பெரிய பை சீட்டில் இடித்து ஆளை முன்னால் தள்ளும். முக்கியமாக, மண்வாரியும் துழாவுகோலும் (புதைந்தவரைப் பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) அந்தப் பைக்குள் இருக்க வேண்டும், வண்டியில் கட்டிவைத்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று பனி பிரித்துவிடும்.

அப்புறம் தொடை வார். கால் இடுக்கு வழியாக வந்து மாட்டும் ஒரு பட்டை. கூச்சமாக இருக்கிறது, உட்கார்ந்தால் உறுத்துகிறது என்று பாதிப்பேர் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கிளை மாட்டாமல், செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பலூன் மேலே இழுக்கும், ஆள் கீழே நழுவுவான், பை மட்டும் தனியாக மிதக்கும்.

இப்போது வாங்குகிற வரிசை. முதலில் பீக்கன். 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி, உடம்போடு கட்டியிருக்க வேண்டும். செல்போனும் வண்டியின் மின்சாதனங்களும் அதைக் குழப்பும், தேடும்போது அரை மீட்டராவது தள்ளிவைக்கணும். கூடவே துழாவுகோல், மண்வாரி. புதைந்தவரை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி ஆகும்போது மூன்றில் ஒருவர்தான். அந்த 10 நிமிடத்தில் ஹெலிகாப்டர் வராது, கூட வந்தவன்தான் தோண்ட வேண்டும், அதனால் தம்பியிடம் மட்டும் இருந்து பயனில்லை, கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அடுத்தது கனடாவில் ஏஎஸ்டி 1 என்று ஒரு பனிச்சரிவுப் பயிற்சி நடத்துகிறார்கள், இரண்டே நாள். அதற்குப் பிறகு பை.

பலூன் எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். மரத்தில், பாறையில் மோதிச் சாகிறவர்களும் கணிசம். ஓடைப் பள்ளத்தில் தள்ளினால் மேலே மேலே பனி வந்து மூடும். பலூன் இருக்கிறது என்று செங்குத்தான சரிவில் எவ்வளவு உயரம் ஏறுகிறது பார்ப்போம் என்று போட்டி போடுவது, ஏர்பேக் உள்ள காரில் தொப்பூர் இறக்கத்தை நியூட்ரலில் இறங்குவது மாதிரி. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி பக்கத்தில் 11 பேர் வண்டியில் போனார்கள். முதல் கூட்டத்தின்மேல் பனி சரிந்தது, தோண்டி எடுக்க ஓடி வந்த இரண்டாவது கூட்டத்தின்மேல் இன்னொரு சரிவு வந்தது. 8 பேர் போய்விட்டார்கள். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர், மற்றவர்கள் கீழே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்காமல் ஓரமாக. அன்று காலை அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு வெளியிடும் பனிச்சரிவு அறிவிப்பைப் பார்த்துவிட்டு, ஆபத்து அதிகம் என்றிருந்தால் தட்டையான பாதையில் ஓட்டிவிட்டு வரட்டும்.

கேள்வி: 2016-ல் சியாச்சினில் நம் மாவட்டத்து வீரரும் பனியில் புதைந்து இறந்தார். இந்தப் பை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: இல்லை ஐயா. பிப்ரவரி 3 அன்று 19-வது மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 10 பேர் இருந்த முகாமின்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. கேழ்வரகும் எலுமிச்சையும் சொன்னேனே, அது ஓடுகிற பனிக்கு. அப்படியே மேலே விழுந்து அமுக்குகிற பாளத்துக்கு பலூன் ஒன்றும் செய்யாது. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறாம் நாள் உயிரோடு எடுத்தார்கள், 11-ம் தேதி டெல்லியில் அவரும் இறந்துபோனார். தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர் அதில். செய்தி வந்த அன்று நான் ஓசூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் ஜனவரியில் குல்மார்க் போகிறோம். அங்கே ஸ்னோ பைக் சவாரிக்கு இந்த ஏர்பேக் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம் தம்பி. கீழே புல்வெளிமேல் ஓட்டிக்காட்டுகிற சவாரிக்கு ஏர்பேக் வாங்குவது, கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நடக்க உயிர்காப்புச் சட்டை வாங்குவது மாதிரி. அந்தக் காசில் நல்ல கையுறையும் நனையாத பூட்ஸும் வாங்குங்கள். கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வத் மலையில் இறங்கி, கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப் போவதாக இருந்தால் கதை வேறு. 2023 பிப்ரவரி 1-ல் அங்கே பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ விடுக்கிற பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமலும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமலும் அந்தப் பக்கம் போகாதீர்கள், வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால் கொடுத்த முன்பணத்தைப் பற்றி வாக்குவாதம் செய்யாதீர்கள்.